நெஞ்சில் கோத்த நீர்

“நுரையீரலில் நீர் கோத்திருக்கிறதாம்” என்று யாராவது சொன்னால், நீர் நுரையீரலுக்குள் நிற்பதாகத்தான் கேட்பவர் நினைத்துக்கொள்வார். பெரும்பாலும் அது அங்கே இல்லை. நுரையீரலுக்கு வெளியே, அதற்கும் விலாக்கூட்டுக்கும் நடுவே இருக்கிறது. அங்கே இரண்டு மெல்லிய சவ்வுகள் உண்டு. ஒன்று நுரையீரலைப் போர்த்தியிருக்கும், மற்றது விலாவின் உட்பக்கத்தோடு ஒட்டியிருக்கும். இரண்டுக்கும் சேர்த்து ப்ளூரா என்று பெயர். தமிழில் நுரையீரல் உறை என்கிறோம். நோயில்லாத, 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு இரண்டு பக்கமும் சேர்த்து இந்த உறைக்குள் இருக்கும் நீர் சுமார் 15 மில்லி, அதாவது ஒரு மேசைக்கரண்டி. மூச்சு விடும்போது சவ்வுகள் உரசாமல் வழுக்கிக்கொள்ள அவ்வளவு போதும்.

நோய் வந்தால் அந்தக் கரண்டி குடமாகிவிடுகிறது. ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் என்று நீர் சேரும். படுத்தால் மூச்சு முட்டும். முதுகில் விரலால் தட்டிப் பார்த்தால், காற்றுள்ள இடத்தில் ‘தொம் தொம்’ என்று கேட்க வேண்டிய ஒலி கல்லைத் தட்டியதுபோல் மொத்தையாகக் கேட்கும். இப்படித் தட்டிப் பார்க்கலாம் என்று ஆஸ்திரிய மருத்துவர் லியோபோல்டு ஆவன்புருக்கர் 1761-ல் எழுதி வைத்தார். அவர் ஒரு விடுதிக்காரரின் மகன். பீப்பாயைத் தட்டி உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் வீட்டில் வளர்ந்தவர். தட்டிப் பார்த்துத் தேங்காய் வாங்குகிறவர்களுக்கு இதில் வியப்பு ஒன்றும் இருக்காது.

நீர் இருக்கிறது என்று சொல்ல விரலும் எக்ஸ்ரேயும் அல்ட்ராசவுண்டும் போதும். ஏன் வந்தது என்பதுதான் சிக்கல். விலா எலும்புகளுக்கு நடுவே மரப்பு ஊசி போட்டு, இன்னொரு ஊசியால் நீரை எடுக்கிறார்கள். வெளியே வருவது பெரும்பாலும் வைக்கோல் நிறத்தில், தெளிவாக இருக்கும். காசநோயாளியின் நீரும் அந்த நிறம்தான், புற்றுநோயாளியின் நீரும் பல நேரம் அந்த நிறம்தான். ரத்தம் கலந்திருந்தால் புற்றுநோய்ச் சந்தேகம் கூடும்; ஆனால் அதையும் நம்பி முடிவெடுக்க முடியாது. நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டிலும் நிணவணுக்கள் என்ற ஒரே வகை வெள்ளணுக்கள் நிறைந்திருக்கலாம். ஒரு நோய் ஆறு மாத மாத்திரையில் குணமாகும். மற்றதற்கு வழியே வேறு. இரண்டு குப்பிகளையும் அருகருகே வைத்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

நீர் எங்கிருந்து வருகிறது என்று கொஞ்சம் பார்த்துவிட வேண்டும், பிறகு வருவதெல்லாம் அதில்தான் தொங்குகிறது. விலாப்பக்கச் சவ்வின் நுண்குழாய்களிலிருந்து நீர் கசிந்துகொண்டே இருக்கிறது. அதே சவ்வில் உள்ள நிணநீர்த் துளைகள் அதை உறிஞ்சிக்கொண்டே இருக்கின்றன. உறிஞ்சும் திறன் கசிவைவிடப் பல மடங்கு அதிகம். அதனால் கசிவு சற்றுக் கூடினாலும் நீர் தேங்காது. தேங்க வேண்டுமென்றால் குழாய் ஓட்டையாக வேண்டும், அல்லது வடிகால் அடைபட வேண்டும். பல நேரம் இரண்டும் நடக்கும். இதயம் பலவீனமாகி ரத்தக்குழாயில் அழுத்தம் கூடினால் வெறும் நீர் பிதுங்கி வருகிறது, புரதம் குறைவு. சவ்வே நோயுற்றால் குழாய்ச் சுவரின் இடைவெளி விரிந்து புரதமும் அணுக்களும் சேர்ந்து வெளியேறுகின்றன. புற்றுநோய் இரண்டு வேலையையும் செய்யத் தெரிந்தது. சவ்வில் படிந்து குழாய்களைக் கசிய வைக்கும். மார்பின் நடுவே உள்ள நிணநீர்க் கணுக்களை நிரப்பி வடிகாலையும் அடைக்கும்.

முதல் வகைக்கும் இரண்டாம் வகைக்கும் கோடு போட்டவர் அமெரிக்க மருத்துவர் ரிச்சர்டு லைட். 1972-ல் 150 நோயாளிகளின் நீரை ஆராய்ந்து அவரும் கூட்டாளிகளும் சொன்ன விதி இன்றும் உலகம் முழுவதும் நடைமுறையில் இருக்கிறது. நீரிலுள்ள புரதம் ரத்தத்திலுள்ள புரதத்தில் பாதிக்கு மேல் இருந்தாலோ, எல்.டி.எச். என்ற நொதி ரத்த அளவில் 0.6 மடங்குக்கு மேல் இருந்தாலோ, அல்லது அந்த நொதி ரத்தத்துக்கான இயல்பு உச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டினாலோ, சவ்வில் கோளாறு என்று பொருள். மூன்றில் ஒன்று இருந்தாலும் போதும். ஐம்பது ஆண்டுகளாக இதைவிடச் சிறந்ததைத் தேடி எத்தனையோ பேர் கட்டுரை எழுதினார்கள். லைட்டின் விதி அசையவில்லை. அதற்கும் ஒரு குறை உண்டு. இதய நோயாளி நீர் பிரியும் மாத்திரை சாப்பிட்டிருந்தால் நெஞ்சுநீர் சுண்டி, புரதம் செறிவாகி, சவ்வு நோய் போல் வேடம் போடும். அப்போது ரத்த அல்புமினிலிருந்து நீரின் அல்புமினைக் கழித்துப் பார்க்கிறார்கள். வித்தியாசம் டெசிலிட்டருக்கு 1.2 கிராமுக்கு மேல் என்றால் குற்றவாளி இதயம்தான்.

சவ்வில் கோளாறு என்று தெரிந்துவிட்டது. புற்றா, இல்லையா?

நேரான வழி, நீரைச் சுழற்றி அடியில் படிவதை எடுத்துச் சாயமேற்றி, புற்றணு தெரிகிறதா என்று பார்ப்பது. தெரிந்துவிட்டால் பேச்சு முடிந்தது. ஆனால் உண்மையில் புற்றுநோய் உள்ளவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு அறுபது பேரிடம்தான் இது தெரிகிறது. எந்தப் புற்று என்பதைப் பொறுத்து அதுவும் மாறும். சுரப்பித் திசுப் புற்றான அடினோகார்சினோமா தாராளமாக அணுக்களை உதிர்க்கும், எளிதில் பிடிபடும். கல்நார்த் தூசியால் வரும் மீசோதீலியோமா பெரும்பாலும் தப்பிவிடும். அது உறையின் சொந்த அணுவிலிருந்து பிறப்பது. வீக்கத்தால் எரிச்சலடைந்த சாதாரண உறை அணுவும் பெருத்து, கரு தடித்து, புற்றணு போலவே உட்கார்ந்திருக்கும். அனுபவமுள்ள நோயியலாளரே “சந்தேகத்துக்குரியது” என்று எழுதிவிட்டுக் கைவிரிப்பார். வடிகால் அடைப்பால் மட்டும் நீர் தேங்கியிருந்தால் நீரில் புற்றணுவே இருக்காது. இல்லாததை யார் தேடினாலும் கிடைக்காது.

அணு கிடைக்காவிட்டாலும் அணு விட்டுச்சென்ற பொருள் நீரில் கரைந்திருக்குமே? உயிர்க்குறியீடு, பயோமார்க்கர் என்று சொல்வதெல்லாம் இந்த யோசனைதான்.

அவற்றில் மூத்த ஒன்று சி.இ.ஏ. 1965-ல் கனடாவின் மான்ட்ரியாலில் ஃபில் கோல்டும் சாமுவேல் ஃப்ரீட்மனும் பெருங்குடல் புற்றில் ஒரு புரதத்தைக் கண்டார்கள். அதே புரதம் கருவில் வளரும் குழந்தையின் குடலிலும் இருந்தது. பிறந்தபின் ஏறக்குறைய அடங்கிவிடும் அந்தச் சரக்கைப் புற்று மறுபடி உற்பத்தி செய்கிறது. நெஞ்சுநீரைப் பொறுத்தவரை இதன் அழகு வேறு இடத்தில் இருக்கிறது. உறையின் சொந்த அணுக்கள் சி.இ.ஏ.யைச் செய்வதில்லை. நீரில் அது நிறைய இருந்தால், அது வெளியிலிருந்து வந்த யாரோ போட்டது. நுரையீரல், மார்பகம், குடல் போன்ற இடத்துச் சுரப்பிப் புற்றாக இருக்க வாய்ப்பு அதிகம். மீசோதீலியோமாவாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஒரே எண் ஒன்றை நோக்கி விரலை நீட்டி இன்னொன்றை விடுவிக்கவும் செய்கிறது.

இதற்கு நேரெதிர் சி.ஏ. 125. சினைப்பைப் புற்றுக்குப் பெயர்போன குறியீடு. பெயரைப் பார்த்து நெஞ்சுநீரிலும் அளந்தால் ஏமாற்றம்தான். அதை உறை அணுக்களே செய்கின்றன. எரிச்சல் எதுவானாலும் கூடும்: காசநோயில் கூடும், இதயம் பலவீனமானாலும் கூடும். பெண் ஒருவருக்கு வயிற்றிலும் நெஞ்சிலும் நீர், சி.ஏ. 125 ஏறியிருக்கிறது என்றதும் வீடே இடிந்துபோய் உட்கார்ந்துவிடும். கடைசியில் அது காசநோயாக இருக்கலாம். குறியீட்டின் பெயரைக் கேட்பதற்கு முன், அந்தப் பொருளை உடம்பில் வேறு யாரெல்லாம் செய்கிறார்கள் என்று கேட்க வேண்டும். மருத்துவ அறிக்கையில் அந்த வரி அச்சாவதில்லை.

எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்பதும் பெரிய வழக்கு. சி.இ.ஏ. மில்லிக்கு 5 நானோகிராம் என்று தாழ்வாகப் போட்டால் பலரைப் பிடிக்கலாம். சீழ் பிடித்த நிமோனியா நீர் சிலவும் வலையில் விழும். ஸ்பெயின் நாட்டின் யெய்தா நகரில் ஹொசே போர்செலும் குழுவினரும் 2004-ல் எதிர்வழியில் போனார்கள். புற்றில்லாத ஒருவரும் சிக்காத உயரத்தில் கோட்டை வைத்தார்கள், சி.இ.ஏ.க்கு 50. இப்படி நான்கு குறியீடுகளைச் சேர்த்துப் பார்த்தபோது புற்றுநோயாளிகளில் பாதிக்குச் சற்று மேல் பிடிபட்டார்கள். குறைவுதான். ஆனால் அணுப் பரிசோதனையில் தப்பியவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதில் இருந்தார்கள். எல்லாரையும் பிடிக்கும் வலை வேண்டும் என்று ஆசைப்படாமல், பிடித்தால் விடாத தூண்டில் வேண்டும் என்று அவர்கள் நினைத்தது எனக்குப் பிடித்திருக்கிறது.

இங்கே ஒரு கணக்கைப் போட்டே ஆக வேண்டும். ஒரு பரிசோதனை 100 புற்றுநோயாளிகளில் 55 பேரைப் பிடிக்கும், புற்றில்லாத 100 பேரில் 4 பேர் மீது வீண்பழி போடும் என்று வைத்துக்கொள்வோம். நல்ல பரிசோதனைதான். இதை ஒரு புற்றுநோய் மருத்துவமனையில் நெஞ்சுநீரோடு வரும் 100 பேருக்குச் செய்கிறோம். அவர்களில் 60 பேருக்கு உண்மையிலேயே புற்று. 33 பேர் சரியாகப் பிடிபடுவார்கள், 2 பேர் தவறாக. ‘உண்டு’ என்று வந்தால் நம்பலாம். அதே பரிசோதனையை, நூற்றில் 5 பேருக்கு மட்டும் புற்று இருக்கும் பொது வார்டில் செய்தால் சரியாகப் பிடிபடுவது 3 பேர், தவறாக 4 பேர். ‘உண்டு’ என்ற தாளைப் பிடித்துக்கொண்டு அழுகிறவர்களில் பாதிக்கு மேல் வீணாக அழுகிறார்கள். பரிசோதனை மாறவில்லை, கருவி மாறவில்லை, வாசல்தான் மாறியது. புற்றுநோய் மருத்துவமனையில் ‘இல்லை’ என்று வந்த 65 பேரையும் பாருங்கள்: அவர்களில் 27 பேருக்குப் புற்று இருக்கிறது. ‘இல்லை’ என்ற தாளும் விடுதலைப் பத்திரம் இல்லை.

காசநோய் மிகுந்த நாட்டில் இந்த வாசல் கணக்கு இன்னும் கூர்மையாகிறது. உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். இங்கே நெஞ்சுநீர் என்றதும் மருத்துவர் மனதில் முதலில் வருவது டிபிதான். வேடிக்கை என்னவென்றால், டிபி நீரில் டிபி கிருமி அரிதாகவே கிடைக்கும். சாயமேற்றிப் பார்த்தால் பத்தில் ஒருவரிடம்கூடத் தெரியாது. நீர் தேங்குவது கிருமியின் எண்ணிக்கையால் அல்ல, கிருமியின் புரதத்தைக் கண்டு உடல் கொதித்தெழுவதால். மரபணுவைத் தேடும் புதிய ஜீன்எக்ஸ்பர்ட் கருவியும் சளியில் ஜொலிக்கிற அளவு நெஞ்சுநீரில் ஜொலிப்பதில்லை.

அதனால் ஏ.டி.ஏ. என்ற நொதியை அளக்கிறார்கள். 1978-ல் இத்தாலியில் தொடங்கிய பழக்கம் இது. நிணவணுக்களும் மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கணுக்களும் மும்முரமாக வேலை செய்யும்போது இது நீரில் சேர்கிறது. லிட்டருக்கு 40 அலகு என்பது வழக்கமான கோடு. அதற்கு மேல் இருந்து, நீரில் நிணவணுக்கள் நிறைந்து, ஆள் இளைஞராகவும் இருந்தால் நம்மூரில் டிபி மருந்தைத் தொடங்கிவிடுவார்கள், பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். செலவோ சில நூறு ரூபாய். அதே அளவு காட்டும் வேறு ஆட்களும் உண்டு: சீழ் கட்டிய நெஞ்சு, முடக்குவாத நோய், நிணநீர்ப் புற்றான லிம்போமா. அறுபது வயதுக்காரர், பழைய பீடி ஆள், ஏ.டி.ஏ. 43 என்று வந்தால் என்ன செய்வது? கோட்டுக்கு மேல் மூன்று அலகு. டிபி மருந்தைக் கொடுத்துவிட்டு ஒரு மாதம், இரண்டு மாதம் என்று காத்திருந்து, அந்தக் காத்திருப்பில் புற்று முற்றிப்போகும் அபாயம் உண்டு.

இந்த இடத்தில்தான் சிங்கப்பூரிலிருந்து ஒரு எளிய யோசனை வந்தது. 2016-ல் டான் டோக் செங் மருத்துவமனையின் ஆகாஷ் வர்மாவும் குழுவினரும் புதுப் புரதம் எதையும் தேடவில்லை. ரத்தத்தில் எல்.டி.எச். எவ்வளவு, நெஞ்சுநீரில் ஏ.டி.ஏ. எவ்வளவு என்று ஏற்கெனவே தாளில் இருந்த இரண்டு எண்களை எடுத்து, முதலாவதை இரண்டாவதால் வகுத்தார்கள். விடை 20-க்கு மேல் என்றால் புற்றுச் சந்தேகம். இதற்குப் புற்று விகிதம் என்றே பெயரிட்டார்கள். தர்க்கம் எளிது. எல்.டி.எச். ஒவ்வோர் அணுவிலும் இருக்கிறது. வேகமாகப் பெருகி வேகமாகச் சாகும் புற்றணுக்கள் அதை ரத்தத்தில் கொட்டுகின்றன. ஏ.டி.ஏ. டிபியில் ஏறும், புற்றில் பெரும்பாலும் ஏறாது. மேலே உள்ளது கூடி, கீழே உள்ளது குறைந்தால் விகிதம் தாவும். ஒருவருக்கு எல்.டி.எச். 460, ஏ.டி.ஏ. 12 என்றால் விகிதம் 38. இன்னொருவருக்கு 240-ம் 60-ம் என்றால் வெறும் 4.

அவர்களுடைய முதல் முடிவுகள் பிரமாதமாக இருந்தன. பிடிக்கும் திறனும் பழிபோடாத திறனும் நூற்றுக்குத் தொண்ணூறைத் தாண்டின. எனக்கு இந்த விகிதம் பிடிக்கும், மலிவானது என்பதற்காகவே. ஆனாலும் பென்சிலை எடுத்து ஒரு இதய நோயாளிக்குப் போட்டுப் பாருங்கள். அவருடைய எல்.டி.எச். இயல்பாக 220, டிபி இல்லாததால் ஏ.டி.ஏ. 8. விகிதம் 27! புற்று இல்லாமலேயே கோட்டைத் தாண்டிவிட்டார். காரணம், இந்த விகிதம் பதில் சொல்லும் கேள்வி ‘புற்றா, இல்லையா’ அல்ல. ‘புற்றா, டிபியா’ என்பது. லைட்டின் விதியால் இதயத்தை விலக்கிவிட்டு, நிணவணுக்கள் நிறைந்த நீரில் மட்டும் போட வேண்டிய கணக்கு. டிபி குறைந்த நாட்டில் இதன் பாதி வேலை போய்விடும். லிம்போமாவில் கதை தலைகீழ்: எல்.டி.எச். 900, ஏ.டி.ஏ. 80 என்றால் விகிதம் 11-தான், ஆள் தப்பிவிடுவார். இன்னொரு சின்ன விஷயம். ரத்தம் பிடித்த குப்பியைக் குலுக்கி எடுத்து வந்தால் சிவப்பணுக்கள் உடைந்து எல்.டி.எச். பொய்யாக ஏறும். விகிதத்தைக் கெடுக்க ஒரு அவசரக்காரக் கை போதும்.

புதுக் குறியீடுகளின் ஆசையும் வீழ்ச்சியும் தனிக்கதை. 2012-ல் அமெரிக்காவின் புகழ்பெற்ற மருத்துவ இதழ் ஒன்றில் ஹார்வி பாஸும் குழுவினரும் ஃபைபுலின்-3 என்ற புரதத்தைப் பற்றி எழுதினார்கள். கல்நார்த் தூசியைச் சுவாசித்தும் புற்று வராதவர்களிடமிருந்து மீசோதீலியோமா நோயாளிகளை ரத்தத்திலேயே 96 சதவீதத்துக்கு மேல் பிரித்துக் காட்டியது. நெஞ்சுநீரிலும் நன்றாக வேலை செய்தது. கல்நார் ஆலைகளில் உழைத்தவர்களைக் கண்காணிக்க ஒரு வழி கிடைத்துவிட்டது என்று எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பிறகு ஆஸ்திரேலியக் குழுக்கள் தங்கள் நோயாளிகளிடம் அளந்து பார்த்தபோது அந்த மினுக்கம் வரவில்லை. நோயைக் கண்டுபிடிக்கப் பழைய மீசோதீலின் குறியீடே மேல் என்று தெரிந்தது. அந்த மீசோதீலினும் எல்லா மீசோதீலியோமாவிலும் சுரப்பதில்லை. கதிர் போல நீண்ட அணுக்களைக் கொண்ட வகை அதைச் செய்யாமல் ஒளிந்துகொள்ளும்.

ஏன் இப்படி ஆகிறது? மோசடி எதுவும் வேண்டியதில்லை. எந்த நோயாளிகளை வைத்துக் கோடு போட்டோமோ, அதே நோயாளிகளிடம் கோடு எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்று பார்த்தால் அது நன்றாகத்தான் வேலை செய்யும். சட்டையை ஒருவர் மேல் வைத்து வெட்டிவிட்டு, அவருக்கே போட்டு அழகு பார்ப்பது போல. அடுத்த ஊர்க்காரர் போட்டுப் பார்க்கும்போதுதான் தோள் இறுக்குகிறது. சேமிப்பில் பல ஆண்டு உறைந்திருந்த நீருக்கும் இன்று எடுத்த நீருக்கும் வேறுபாடு வரும். முற்றிய நோயாளிகளையும் முழு ஆரோக்கியமானவர்களையும் ஒப்பிட்டால் எந்தக் குறியீடும் பளிச்சிடும். மருத்துவருக்கு வேண்டியது அந்த இரு முனைகள் அல்ல, நடுவில் நிற்கும் சந்தேக ஆள்.

குறியீடாகத் தோற்று வேறு விதத்தில் வென்ற ஒன்றும் உண்டு. 1983-ல் அமெரிக்காவில் செங்கரும் ட்வோரக்கும், புற்று வந்த கினிப்பன்றியின் வயிற்று நீரிலிருந்து குழாய்களைக் கசியவைக்கும் ஒரு பொருளைப் பிரித்தார்கள். அதுதான் பின்னால் வி.இ.ஜி.எஃப். என்று பெயர் பெற்றது. புற்று நீரில் அது கூடுகிறது. சீழ் நீரிலும் கூடுகிறது. ஆகவே நோயைப் பிரித்தறிய உதவவில்லை. ஆனால் அதைத் தடுக்கும் மருந்து இன்று புற்றுக்கும் கண்ணின் விழித்திரை நோய்க்கும் ஊசியாகப் போகிறது.

எண்கள் எல்லாம் ஒத்துப்போகாத நிலையில் உள்ளே எட்டிப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. விலாவில் சிறு துளையிட்டு, கேமரா குழாயை விட்டு, சவ்வில் முடிச்சு முடிச்சாகத் தெரியும் இடத்தைக் கிள்ளி எடுக்கும் தொராகோஸ்கோப்பி நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் விடை தருகிறது. பெரிய ஊர்களில் கிடைக்கிறது. வட்டத் தலைநகர மருத்துவமனையில் ஏ.டி.ஏ. அறிக்கையோடு உட்கார்ந்திருப்பவருக்கு, அடுத்த பேருந்தைப் பிடித்துப் போக வேண்டுமா, ஆறு மாத மாத்திரையைத் தொடங்கலாமா என்று சொல்ல ஏதோ ஒன்று வேண்டியிருக்கிறது. மலிவான எண்கள் உண்மையில் உழைப்பது அந்த இடத்தில்.

இதற்கிடையே கேள்வியும் நகர்ந்திருக்கிறது. நுரையீரல் அடினோகார்சினோமா என்றால் எந்த மரபணுப் பிறழ்வு என்று தெரிய வேண்டும். ஈ.ஜி.எஃப்.ஆர். பிறழ்வு இருந்தால் கீமோவுக்குப் பதில் மாத்திரையில் தொடங்கலாம்; ஆசிய நோயாளிகளிடம் அந்தப் பிறழ்வு மேலை நாட்டினரைவிட அதிகம். அந்தப் பிறழ்வைத் தேட நல்ல இடம் இப்போது நெஞ்சுநீர்தான். குப்பியைச் சுழற்றினால் அணுக்கள் அடியில் படியும், மேலே தெளிந்த நீர் நிற்கும். அடிப்பகுதி கண்ணாடித் தகட்டுக்குப் போகும். செத்த புற்றணுக்களின் டி.என்.ஏ. துணுக்குகள் மேலே நிற்கும் தெளிந்த நீரில் மிதக்கின்றன. அணுப் பரிசோதனை வெறுங்கையோடு திரும்பிய சிலரிடமும் அதில் பிறழ்வு கிடைத்திருக்கிறது. அடியை எடுத்துக்கொண்ட பிறகு அந்த மேல்நீரைத்தான் ஆய்வகங்களில் காலங்காலமாகத் தொட்டியில் ஊற்றிவந்தார்கள்.